பாதுகாப்புச் செலவு குறையுமா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாகத் தெரிவானார். அதே ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. படைகளுக்குச் செலவாகும் பணம் இனி என்னவாகும் என்ற பேச்சு அன்று தொடங்கி இன்றுவரை ஓயவில்லை. சந்தையிலும் வாசிகசாலையிலும் பிரதேச செயலக வரிசையிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கு தொகுத்திருக்கிறேன். கணக்கு விளக்கங்களுக்கு, புதிய அரசாங்கம் சமர்ப்பித்த முதலாவது வரவு செலவுத் திட்டமாகிய 2025ஆம் ஆண்டுத் திட்டத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

புது அரசாங்கம் வந்தா ஆமிக்காசைக் குறைக்கும் எண்டாங்க. கடைசியில குறைச்சாங்களா, இல்லையா?

தொகையாகப் பார்த்தால் குறைக்கவில்லை. 2025ஆம் ஆண்டுக்குப் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒதுக்கப்பட்டது 442 பில்லியன் ரூபா. இது முந்தைய ஆண்டின் ஒதுக்கீட்டைவிடச் சற்றுக் கூடுதலானது.

ஆனால் அந்த ரூபாவின் பெறுமதியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2022ஆம் ஆண்டுக்கான ஒதுக்கீடு 373 பில்லியன். அந்தத் திட்டம் நிறைவேறியபோது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. 2025இல் அது ஏறத்தாழ 300 ரூபா. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. இந்த மூன்றாண்டில் ஒதுக்கீடு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கேனும் கூடவில்லை. எரிபொருள், உதிரிப்பாகம், அரிசி, பருப்பு ஆகியவற்றின் விலைகளோ அதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறின. ஆகவே படைச்செலவில் உண்மையான வெட்டு, எந்த அரசாங்கமும் அறிவிக்காமலே, 2022இலும் 2023இலும் விலைவாசியின் வழியாக நடந்து முடிந்துவிட்டது என்பதே என் கணிப்பு. புதிய அரசாங்கம் அந்த வெட்டை ஈடுசெய்யவும் இல்லை, மேலும் ஆழமாக்கவும் இல்லை.

ஒருத்தர் 539 பில்லியன் எண்டுறார், இன்னொருத்தர் 410 எண்டுறார். எது சரி?

இரண்டும் 2023ஆம் ஆண்டுக்குரியவை, இரண்டும் சரியானவை. பாதுகாப்பு அமைச்சுக்கு 410 பில்லியனும், பொலிஸைக் கொண்ட பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சுக்கு 129 பில்லியனும் ஒதுக்கப்பட்டன. இரண்டையும் கூட்டிச் சொல்பவர் 539 என்கிறார். ஓர் ஆண்டின் கூட்டுத்தொகையை அடுத்த ஆண்டின் தனித்தொகையோடு ஒப்பிட்டு, பெரும் வெட்டு நடந்துவிட்டதாக எழுதுபவர்களும் உண்டு. ஒப்பிடுமுன் பொலிஸ் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 442 பில்லியனும் துவக்குக்கும் குண்டுக்குமா போகுது?

இல்லை. அதில் 382 பில்லியன் மீண்டெழும் செலவு. அதாவது சம்பளம், படிகள், உணவு, சீருடை, எரிபொருள், பராமரிப்பு என ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் செலவு. மீதி 60 பில்லியன் மட்டுமே கட்டடம், கப்பல், இயந்திரம், ஆயுதம் போன்றவற்றுக்கான மூலதனச் செலவு. நூறு ரூபாவில் 86 ரூபா ஆட்களை வைத்திருப்பதற்கும் அவர்களை இயக்குவதற்குமே போகிறது.

பின்னால் வரும் பல பதில்கள் இந்தக் கணக்கில்தான் தங்கியிருக்கின்றன. ஆயுதக் கொள்வனவை முழுவதுமாக நிறுத்தினாலும் மிஞ்சுவது சிறுதொகை. பெருந்தொகை மிஞ்சவேண்டுமானால் ஆளணி குறையவேண்டும்.

யுத்தம் முடிஞ்சு எத்தனையோ வருசம். இன்னும் எதுக்கு இவ்வளவு ஆள்?

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது படைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஓய்வூதியத்துக்குத் தகுதிபெற ஒரு சாதாரண சிப்பாய் 22 ஆண்டுகள் சேவை செய்யவேண்டும். 2007இலும் 2008இலும் திரளாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கு அந்தக் காலம் 2029, 2030 அளவிலேயே முடிகிறது. அதற்கு முன்பு அவர்களை வெளியே அனுப்புவதானால் நட்டஈடு கொடுக்கவேண்டும், அல்லது ஓய்வூதிய விதிகளைத் திருத்தவேண்டும். தென்னிலங்கையின் வறண்ட கிராமங்களில் ஒரு சிப்பாயின் சம்பளத்தில் வாழும் குடும்பங்கள் ஏராளம். அவை வாக்களிக்கும் குடும்பங்களும்கூட. அரசாங்கங்கள் மாறியும் ஆளணியில் கைவைக்க எவரும் அவசரப்படாததற்கு இந்தக் காரணமே போதும்.

ஆமியை ஒரு இலட்சமாக் குறைக்கப் போறாங்களாம். இது புது அரசாங்கத்தின்ர திட்டமா?

திட்டம் பழையது. 2023 ஜனவரியில், ரணில் விக்ரமசிங்க ஜனாதிபதியாக இருந்தபோது, அன்றைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் அதை அறிவித்தார். 200,783 ஆக இருந்த இராணுவ ஆளணியை அடுத்த ஆண்டுக்குள் 135,000 ஆகவும், 2030க்குள் 100,000 ஆகவும் குறைப்பதென்பதே அந்த அறிவிப்பு. புதிய அரசாங்கம் அதே இலக்கைத் தொடர்கிறது. 2030இல் இராணுவம் 100,000, கடற்படை 40,000, விமானப்படை 18,000 என்று பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் அருண ஜயசேகர 2025இல் தெரிவித்தார்.

200,783 என்பது அங்கீகரிக்கப்பட்ட ஆளணி. அதில் கணிசமான பகுதி நிரப்பப்படாத வெற்றிடங்கள். ஆளில்லாத கதிரையை அகற்றினால் சம்பளம் மிஞ்சாது. ஆகவே 65,000 பேர் வீட்டுக்குப் போனார்கள் என்று அந்த அறிவிப்பைப் பொருள்கொள்வது தவறு.

சரி, ஆள் குறைஞ்சா காசு மிஞ்சும்தானே?

உடனே மிஞ்சாது, சில ஆண்டுகளுக்குச் செலவு கூடவும் கூடும். விலகுபவரின் சம்பளம் பாதுகாப்பு அமைச்சின் கணக்கிலிருந்து நீங்குகிறது. அவருடைய ஓய்வூதியம் ஓய்வூதியத் திணைக்களத்தின் கணக்கில் ஏறுகிறது. பாதுகாப்புத் தலைப்பின்கீழ் தொகை சுருங்கினாலும் திறைசேரியின் மொத்தச் சுமை அதே அளவுக்குச் சுருங்குவதில்லை. நாற்பது வயதில் ஓய்வு பெறும் ஒருவருக்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓய்வூதியம் கொடுக்கவேண்டியிருக்கும்.

எஞ்சியிருப்பவர்களின் சம்பளமும் ஏறுகிறது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அரச ஊழியர்களின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக, 2027 வரை கட்டங்கட்டமாக உயர்த்தியது. படையினருக்கும் அந்த உயர்வு உண்டு. குறைந்த ஆட்கள், கூடிய சம்பளம் என்னும்போது, முதற்கேள்வியில் கண்டதுபோல் தொகை இருந்த இடத்திலேயே நிற்பதில் வியப்பில்லை.

விலத்தின சிப்பாய்மார் துவக்கோட வெளிய வந்தா எங்களுக்குத்தானே ஆபத்து?

முறைப்படி விலகுபவர் ஆயுதத்தையும் சீருடையையும் கையளித்துவிட்டே வெளியேறுகிறார். மக்கள் அஞ்சுவது விடுமுறையில் போய்த் திரும்பி வராதவர்களைக் குறித்து. அவர்கள் சட்டப்படி விலகிக்கொள்ள 2024இல் பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டுச் சம்பவங்களுக்குப் பின், 2025 பெப்ரவரியில், தலைமறைவாக இருப்பவர்களைக் கைதுசெய்யும்படி பாதுகாப்பு அமைச்சு பணித்தது. ஒழுங்கான ஆட்குறைப்பு நடந்தால் இந்த ஆபத்து குறையும் என்றே நான் நினைக்கிறேன். வெளியேற நேர்வழி இல்லாதபோதுதான் ஆட்கள் மதிலேறிக் குதிக்கிறார்கள்.

ஐஎம்எப் சொன்னா குறைக்கத்தானே வேணும்?

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அந்தத் திட்டம் அரசாங்கத்திடம் கேட்பது, வட்டிச்செலவு நீங்கலாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீத உபரி. அதை எந்த அமைச்சில் வெட்டி எட்டுவது என்பது அரசாங்கத்தின் தெரிவு. வரியைக் கூட்டியும், அபிவிருத்திச் செலவைத் தள்ளிப்போட்டும் அந்த உபரியை எட்டலாம். இதுவரை பெருமளவுக்கு நடந்ததும் அதுதான். ஆகவே குறைப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் பழியையோ புகழையோ கொழும்புக்கே கொடுக்கவேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு 271, ஆமிக்கு 442. இது நியாயமா?

2025இல் மத்திய கல்வி அமைச்சுக்கான தொகை 271 பில்லியன் என்பது உண்மை. ஆனால் நம்முடைய பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள்; அவற்றின் ஆசிரியர்களுக்கான சம்பளம் மாகாண சபைகளின் கணக்கினூடாக வருகிறது. அதையும் சேர்த்தால் இடைவெளி சுருங்கிவிடும். மேடையில் கைதட்டல் வாங்கும் இந்த ஒப்பீட்டை, படைச்செலவு குறையவேண்டும் என்று விரும்புகிற நானும் பயன்படுத்துவதில்லை. வலுவான வாதங்கள் வேறு இருக்கின்றன.

நாட்டுக்கதை போதும். திருகோணமலையில ஆமி, நேவி குறையுமா?

இராணுவம் ஓரளவு குறையலாம். கடற்படையும் விமானப்படையும் குறைய வாய்ப்புக் குறைவு. இந்த வேறுபாட்டை நகரத்தில் பலர் கவனிப்பதில்லை. வன்னியில் படைக்குறைப்பு என்றால் இராணுவ முகாம்களைக் குறைப்பது. திருகோணமலையின் நிலை வேறு: கிழக்குக் கடற்படைக் கட்டளையகமும் கடற்படைத் தளமும் துறைமுகத்தில் இருக்கின்றன, கடற்படை கடல்சார் கலைக்கழகம் இங்கே இருக்கிறது, சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் அதன் கலைக்கழகமும் இருக்கின்றன. மேலே சொன்ன 2030 இலக்கில் பெரிய வெட்டு விழுவது இராணுவத்துக்கு. தரையிலிருந்து கடலுக்குக் கவனத்தைத் திருப்பும் எந்தத் திட்டமும் பணத்தைத் திருகோணமலைக்குக் கொண்டுவருமே தவிர, இங்கிருந்து எடுத்துச் செல்லாது.

கடற்படைக்கு வேலையும் இருக்கிறது. 5 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட தனித்துவப் பொருளாதார வலயம், தேடுதலுக்கும் மீட்புக்கும் பொறுப்பேற்ற அதைவிடப் பெரிய கடற்பரப்பு, ஆழ்கடலில் பிடிபடும் போதைப்பொருட் படகுகள் ஆகியவற்றைக் காட்டி நிதி கேட்டால் பாராளுமன்றத்தில் எதிர்ப்பவர் எவரும் இரார். ஆகவே நாடளாவிய குறைப்பு நடந்தாலும் அதைக் கடைசியாக உணரும் நகரம் நம்முடையதாகவே இருக்கும்.

வரலாற்றில் இந்த நகரம் கண்ட பெரிய படைக்குறைப்பு 1957இல் பிரித்தானியா தளத்தைக் கையளித்துவிட்டுப் போனதுதான். டொக்யார்ட்டில் கூலிக்கும் மாதச் சம்பளத்துக்கும் வேலைசெய்த பெருந்தொகையானோர் அப்போது வேலையிழந்தார்கள். படைச்செலவு குறைவதை நகரத்தின் முதியவர்கள் சிலர் இன்றும் கலக்கத்தோடு கேட்பதற்குக் காரணம் உண்டு.

கப்பலெல்லாம் அமெரிக்காக்காரனும் மற்றவங்களும் சும்மா தாறாங்கள்தானே? பிறகென்ன செலவு?

கப்பல் இலவசம், ஓட்டுவது இலவசமல்ல. கஜபாகு, விஜயபாகு என்னும் கப்பல்கள் அமெரிக்கக் கரையோரக் காவற்படை பல பத்தாண்டுகள் பயன்படுத்தியபின் கொடுத்தவை. பராக்கிரமபாகு சீனா கொடுத்தது. 2024 அக்டோபரில் அமெரிக்கா ஒரு கிங் எயார் கண்காணிப்பு விமானத்தை விமானப்படைக்கு வழங்கியது. இவற்றின் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் டொலரில் வரும் செலவுகள். நன்கொடை என்றால் மூலதனக் கணக்கில் பூச்சியம் விழும். மீண்டெழும் கணக்கில் ஆண்டுதோறும் தொகை ஏறும். யானையைத் தானமாகப் பெற்றவருக்குத் தீனிச் செலவு தனி.

நான் முகாமுக்கு மரக்கறி சப்ளை பண்றன். என்ர டெண்டர் போயிடுமா?

விநியோக ஒப்பந்தத்தின் அளவு, அந்த முகாமில் சாப்பிடுபவர்களின் எண்ணிக்கையோடு சேர்ந்தது. கடற்படைத் தளத்துக்கும் சீனக்குடாவுக்கும் விநியோகிப்பவர்கள், முன் சொன்ன காரணத்தால், இப்போதைக்குக் கலங்கவேண்டியதில்லை. சிறிய இராணுவ முகாம்களை மட்டும் நம்பியிருப்பவர் வேறு வாடிக்கையாளரையும் தேடிக்கொள்வது நல்லது. முகாம்கள் ஒன்றிணைக்கப்படும்போது விநியோகமும் ஒரே பெரிய ஒப்பந்தமாகச் சுருங்கி, சிறு வியாபாரி வெளியே நிற்க நேரலாம்.

மாபிள் பீச், கோல்ஃப் மைதானம் எல்லாம் விமானப்படை நடத்துது. அந்த வருமானத்தில அவங்களே செலவைப் பார்க்கலாமே?

சீனக்குடாவின் கோல்ஃப் மைதானத்தையும் மாபிள் பீச் விடுதியையும் விமானப்படையே நடத்துகிறது. இவற்றின் வருமானம் முழுப் படைச்செலவின்முன் மிகச் சிறியது. என் கவலை வேறு. சேவையிலுள்ள படைவீரர் ஒருவர் விடுதியில் பணியமர்த்தப்படும்போது, அவருடைய சம்பளத்தை வரி செலுத்துவோர் கொடுக்கிறார்கள். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ விடுதி நடத்துபவர் தம் பணியாளருக்குத் தம் பையிலிருந்தே கொடுக்கவேண்டும். காணிக்கும் விலை கொடுக்கவேண்டும். இந்த இரண்டு வகை விடுதிகளும் ஒரே கடற்கரைப் பயணியை ஒரே விலைக்கு அழைத்தால் போட்டி சமமாக இராது. படைச்செலவைக் குறைக்க உண்மையில் விரும்பும் அரசாங்கம், இராணுவத் தேவையோடு தொடர்பில்லாத இத்தகைய தொழில்களிலிருந்து தொடங்கலாம். அதற்கு ஒரு சிப்பாயையும் வேலையிலிருந்து நீக்கவேண்டியதில்லை.

செலவைக் குறைச்சா எங்கட காணி திரும்பக் கிடைக்குமா?

இந்தக் கேள்விக்கு எதிர்பார்க்கப்படும் பதில் ஆம் என்பது. உண்மையான பதில், தானாகக் கிடைக்காது என்பதே. நிதி ஒதுக்கீடு பாராளுமன்றத்தில் ஆண்டுதோறும் முடிவாகிறது. காணி வேறு சட்டங்களின்கீழ், வர்த்தமானி அறிவித்தல்களின்கீழ், சில வேளைகளில் எந்த எழுத்துமின்றி, படைகளின் கையில் இருக்கிறது. ஒரு முகாமில் ஆயிரம் பேர் இருந்த இடத்தில் இருநூறு பேர் இருந்தாலும் முள்வேலி அதே இடத்தில் நிற்கலாம்.

திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்பு 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்டது. 2015 மே மாதத்தில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த ஒதுக்கீட்டை இரத்துச் செய்தார். கடற்படை முகாம் இருந்த காணி 2016 மார்ச்சில் கையளிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் பாதுகாப்பு ஒதுக்கீடு குறைந்ததனால் இது நடக்கவில்லை. வர்த்தமானியை ஒரு கையெழுத்து நீக்கியதாலும், முகாமுக்கு மாற்றிடம் கண்டதாலும், கிளிவெட்டி முதலிய இடைத்தங்கல் முகாம்களில் இருந்த மக்கள் கோரிக்கையைக் கைவிடாததாலும் நடந்தது. காணி தேடுபவர்கள் தம் காணி உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்கே செல்லவேண்டும்.

கோட்டைக்குள்ள இருந்து ஆமி எழும்புமா?

கோணேசர் கோயிலுக்குப் போகும் ஒவ்வொருவரும் பிரட்ரிக் கோட்டையின் வாசலைக் கடந்து, மான்கள் மேயும் மரநிழலில் இராணுவக் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே மலையேறுவதால் இக்கேள்வி எழுகிறது. செலவுக் குறைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. முந்தைய பதிலில் காணியைப்பற்றிச் சொன்னதே இங்கும் பொருந்தும்.

நாங்க படையைக் குறைச்சா இந்தியா துறைமுகத்தைப் பிடிச்சிடாதா?

இலங்கையின் படைபலம் எதுவாக இருந்தாலும் இந்தியாவைத் தடுத்துநிறுத்தும் அளவுக்கு அது ஒருபோதும் இருந்ததில்லை, இருக்கவும் போவதில்லை. திருகோணமலையைப் பொறுத்தவரை எல்லைகளை வகுப்பவை ஒப்பந்தங்கள். 1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக இத்துறைமுகத்தை எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுப்பதில்லை என்பதும், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைக் கூட்டாகப் புனரமைப்பதென்பதும் இடம்பெற்றன. 2022 ஜனவரியில் அந்த 99 தாங்கிகள் பங்கிடப்பட்டன: 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையாகிய லங்கா ஐஓசியிடம், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடம். 2025 ஏப்ரல் 5இல் இந்தியாவோடு பாதுகாப்பு ஒத்துழைப்பு பற்றிய புரிந்துணர்வு உடன்படிக்கையும் கைச்சாத்தாயிற்று. பயிற்சி, உபகரணம் என்று வெளியிலிருந்து உதவி கூடும்போது உள்ளூர் மூலதனச் செலவு குறையலாம்; ஆனால் வெளியாரில் தங்கியிருக்கும் நிலை அதிகரிக்கும். அதை விரும்புகிறோமா என்பது கணக்கேட்டில் விடை தேடக்கூடிய கேள்வியல்ல.

வெள்ளம் வந்தா வள்ளத்தோட வாறது நேவிதானே? குறைச்சா ஆர் வருவாங்க?

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது படகுகளோடும் ஹெலிகொப்டர்களோடும் முன்னே நின்றவர்கள் முப்படையினர் என்பதை மறுக்கமுடியாது. குறைப்புக்கு எதிரான வாதங்களில் நான் ஆகக்கூடிய மதிப்பளிப்பது இதற்குத்தான். ஆனால் வெள்ளத்துக்குத் தேவையானவை படகு, வான்கலம், தொலைத்தொடர்பு, பயிற்சிபெற்ற சில ஆயிரம் பேர். அதற்கு ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட காலாட்படை தேவையில்லை. மீட்புப் பணிக்கான நிதியை அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் மாவட்டச் செயலகங்களுக்கும் பிரித்துக் கொடுத்தால் அது கணக்கில் தனியாகத் தெரியும்.

அடுத்த வரவு செலவுத் திட்டம் வரேக்க நாங்க எதைப் பார்க்கவேணும்?

பேச்சைப் பார்க்கவேண்டாம், மதிப்பீட்டு நூலைப் பாருங்கள். நிதி அமைச்சின் இணையத்தளத்தில் தமிழிலும் வெளியாகும். இராணுவம் 222ஆம் செலவினத் தலைப்பு, கடற்படை 223, விமானப்படை 224. ஒவ்வொன்றிலும் மீண்டெழும் செலவையும் மூலதனச் செலவையும் தனித்தனியாக முந்தைய ஆண்டோடு ஒப்பிடுங்கள். 222 சுருங்கி 223 விரிந்தால், திருகோணமலையைப்பற்றி மேலே சொன்னது நடக்கிறது என்று பொருள். 253ஆம் தலைப்பாகிய ஓய்வூதியத் திணைக்களத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்டின் நடுவில் குறைநிரப்பு மதிப்பீடு, அதாவது மேலதிக நிதிக் கோரிக்கை, ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தால், நவம்பரில் அறிவித்த குறைப்பு ஜூலையில் திரும்பிப் போயிருக்கக்கூடும்; அந்தச் செய்தி பெரும்பாலும் பத்திரிகையின் உட்பக்கத்தில் நான்கு வரிகளில் வரும்.